ஒரே ஆள், பத்துக் குரல், ஒரே தாளம்: எப்படி என்று தெரியுமா?

இரண்டே பேர், ஓர் ஐபேட். இதை வைத்துக்கொண்டு ஜிம்மி ஃபாலனும் பில்லி ஜோயலும் 2014-இல் அமெரிக்காவின் 'டுநைட் ஷோ'வில் ஒரு முழுப் பாட்டுக்குழுவையே பார்வையாளர்களின் கண்ணெதிரே உருவாக்கிக் காட்டினார்கள், தெரியுமா? ஒரு சிறு துண்டைப் பாடுகிறார்கள். 'லூப்பி' என்ற செயலி அதைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் திருப்பிப் பாடுகிறது. அதன்மேல் இன்னொரு குரல், அதற்கும் மேல் இன்னொன்று. அத்தனை குரல்களும் ஒன்றையொன்று மிதிக்காமல், ஒரே காலப்பிரமாணத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன!

பாடியதைத் திருப்பி ஒலிக்க வைப்பது மட்டும் என்றால் அதை 1948-லேயே செய்துவிட்டார்கள். பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர், இசைத்தட்டின் சுருள் கோட்டை ஒரு மூடிய வட்டமாக வெட்டினார். ஊசி அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வரவே வராது. ஒரே ஒலித்துண்டு முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் ஆதி லூப். ஆனால் உண்மையான அதிசயம் இரண்டாவது லூப் வரும்போதுதான் தொடங்குகிறது. அது முதல் லூப்போடு எப்படிச் சேர்ந்தே ஓடுகிறது? ஒரே கணினிக்குள் மூன்று மென்பொருள்கள், பக்கத்தில் நண்பரின் மடிக்கணினி, அதற்கடுத்து ஒரு டிரம் மெஷின். இவை எல்லாம் ஒரே 'சமத்தில்' வந்து விழுகின்றனவே, எப்படி? இதற்குப் பின்னால் இருக்கும் மூளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து ஓடாமல் விலகிய லூப்கள் ஒரு புதிய இசைக்கே வழி திறந்திருக்கின்றன. 1964-இன் இறுதியில் ஸ்டீவ் ரைக் என்ற இளம் அமெரிக்க இசையமைப்பாளர், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தெருப் போதகரின் பேச்சைப் பதிவு செய்தார். அதே துண்டை இரண்டு டேப் வளையங்களாக்கி, இரண்டு கருவிகளில் ஒன்றாக ஓடவிட்டார். ஒரே துண்டு, ஒரே நீளம், ஒரே வேகம். சேர்ந்துதானே ஓட வேண்டும்? ஓடவில்லை! ஒரு கருவி மயிரிழை முந்தியது, மற்றது பின்தங்கியது. சொற்கள் எதிரொலியாகி, எதிரொலி தாளமாகி, தாளம் வேறொன்றாக மாறிக்கொண்டே போனது. ரைக் அந்த விலகலை அப்படியே வைத்துக்கொண்டார். 'இட்ஸ் கானா ரெய்ன்' என்ற படைப்பு 1965-இல் அப்படித்தான் பிறந்தது. 1967-இல் 'பியானோ ஃபேஸ்' எழுதினார். இயந்திரம் தற்செயலாகச் செய்ததை இரண்டு பியானோ கலைஞர்கள் வேண்டுமென்றே விரலால் செய்து காட்ட வேண்டும்!

டேப் பழங்காலத்துச் சரக்கு, கணினிக்கு அந்தத் தொல்லை எங்கே என்று தோன்றுகிறதா? இங்கேதான் பெரிய ஆச்சரியம். ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்பை வைத்துத்தான் கார்டு விநாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ ஒலியை அளக்கிறது. எந்த இரண்டு படிகங்களும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்பது சர்வசாதாரணம். இது எவ்வளவு சிறியது! கணக்குப் போட்டால்தான் தெரியும்: நிமிடத்துக்கு 3 மில்லிவிநாடி. அரை மணி நேரக் கச்சேரிக்குள் 90 மில்லிவிநாடி. நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட்டின் கால்பங்கே 125 மில்லிவிநாடிதான். இரண்டு கணினிகளை ஒரே நொடியில் தட்டிவிட்டு அப்படியே விட்டால், அரை மணியில் கேட்கிறவர் முகம் சுளிக்கும் அளவுக்குப் பிரிந்துவிடும்!

ஒரே கணினிதான், ஒரே படிகம்தான் என்றாலும் தப்பிக்க முடியாது. நிமிடத்துக்கு 120 பீட் என்றால், 44,100 அளவில் ஒரு பீட்டுக்கு மிகச்சரியாக 22,050 சாம்பிள். அழகு! அதையே 117 ஆக்கிப் பாருங்கள். நாலு பீட் லூப்புக்கு 90,461.538 சாம்பிள் வருகிறது. அரைச் சாம்பிளை எங்கே வெட்டுவது? 90,462 என்று முழுதாக்கினால் ஒரு சுற்றுக்கு அரைச் சாம்பிளுக்கும் குறைவான பிழைதான். ஆனால் லூப் ஆயிரம் முறை சுற்றினால், அதாவது சுமார் 34 நிமிடத்தில், அந்தத் தூசி சேர்ந்து 10 மில்லிவிநாடி ஆகிவிடுகிறது. அதனால்தான் நல்ல லூப்பர் மென்பொருள் மிச்சத்தை விட்டுவிடாமல் கணக்கில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது லூப்பை மேடைக் கடிகாரத்தோடு ஒட்டிவிடுகிறது. கேட்கிற யாருக்கும் இது தெரியாது.

சரி, அந்த மேடைக் கடிகாரம் எது? 1983-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஒரு கேபிளைக் காட்டினார்கள். ஒரு முனை சீக்வென்ஷியல் நிறுவனத்தின் 'ப்ராஃபெட்-600' கருவியில். மறுமுனை போட்டியாளரான ஜப்பானின் ரோலண்ட் செய்த 'ஜூபிடர்-6'இல். இங்கே கட்டையை அழுத்தினால் அங்கே ஒலித்தது! அதுதான் மிடி. சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுடாரோ ககெஹாஷியும் போட்டியை ஓரமாக வைத்துவிட்டு இதற்காக உழைத்தார்கள். 2013-இல் இருவருக்கும் சேர்த்து டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

மிடியில் தாளத்துக்காக ஒரே ஒரு எண்ணை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், தெரியுமா? 248. ஒரு பீட்டுக்கு 24 முறை இந்த எண் கம்பி வழியாக ஓடுகிறது. அதில் வேகம் எழுதியிருக்காது. எந்த ஆவர்த்தனம், எத்தனையாவது அட்சரம் என்ற விவரமும் கிடையாது. 'இப்போது, இப்போது, இப்போது' என்பதைத் தவிர அது எதுவும் சொல்வதில்லை. வந்த துடிப்புகளின் இடைவெளியை அளந்து வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது லூப்பரின் பொறுப்பு! தொடங்கு என்பதற்கு 250, நிறுத்து என்பதற்கு 252. 250-ஐத் தவறவிட்ட கருவிக்கு வேகம் தெரியும், பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது. பாதிக் கச்சேரியில் ஒரு லூப்பரைச் செருகினால் எல்லாம் சரியான வேகத்தில் ஓடியும் எடுப்பு மட்டும் தவறிப்போவது இதனால்தான்.

ஏன் 24? இரண்டால், மூன்றால், நான்கால், ஆறால், எட்டால் வகுபடும். சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் கச்சிதம். ஆனால் நம் காதுக்குப் பழக்கமான கண்ட நடையை வைத்துப் பாருங்கள்! ஒரு பீட்டை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்குக்கும் 4.8 துடிப்பு. மிஸ்ர நடை என்றால் ஏழு; 24-ஐ ஏழால் வகுத்தால் மீதி நிற்கிறது. அதாவது கண்டமும் மிஸ்ரமும் மிடிக் கடிகாரத்தின் துடிப்புகளுக்கு நடுவே போய் விழுகின்றன! மென்பொருள் இரண்டு துடிப்புகளுக்கு இடையில் புள்ளிகளைத் தானே கற்பித்துக்கொண்டால்தான் அவை ஒலிக்கும். கொன்னக்கோல் சொல்லத் தெரிந்த ஒருவர் இந்த எண்ணை முடிவுசெய்த மேசையில் உட்கார்ந்திருந்தால் வேறு எண்ணைக் கேட்டிருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இன்னொரு வியப்பு. 120 பீட் வேகத்தில் இந்தத் துடிப்புகள் 20.8 மில்லிவிநாடிக்கு ஒன்றாக வருகின்றன. ஒரே ஒரு துடிப்பு 1 மில்லிவிநாடி தாமதித்தால், அந்தக் கணம் லூப்பர் கணக்கிடும் வேகம் 114.5 ஆகச் சரிகிறது! விண்டோஸின் சாதாரண டைமரோ 15.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் கண் திறக்கும். அதை மட்டும் நம்பிக் கடிகாரம் அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வருகிற துடிப்பை அப்படியே நம்பாமல், பல துடிப்புகளின் போக்கைப் பார்த்து நிதானமாக வேகத்தைத் திருத்திக்கொள்ளும் உத்திதான் கைகொடுக்கிறது. அந்த உத்தியின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1932-இல், பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி த பெலிஸீஸ் வானொலி அலையைப் பிடிப்பதற்காக விவரித்த சுற்றில்! வானொலிக்காகப் பிறந்த யோசனை இன்று நம் பாட்டின் தாளத்தைக் காப்பாற்றுகிறது.

இப்போது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான மென்பொருளுக்கு வருகிறேன்: சூப்பர்லூப்பர். ஜெஸ்ஸி சாப்பல் என்பவர் எழுதியது. இலவசம், மூலநிரல் திறந்தது, லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். 1990-களில் வந்த 'எக்கோபிளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோ' என்ற பெட்டியின் சிந்தனை இதற்குள் உயிரோடு இருக்கிறது. ஜெஃப் லார்சன் எழுதிய 'மோபியஸ்' லூப்பரும் அதே பரம்பரைதான். சந்தையை விட்டுப் போன ஒரு பெட்டிக்காக, அதை நேசித்தவர்கள் இப்படி மென்பொருளாக மறுபிறவி கொடுத்திருக்கிறார்கள்!

சூப்பர்லூப்பரில் 'சைக்கிள்' என்று ஓர் அலகு உண்டு. நமக்கு அது ஆவர்த்தனம். முதல் லூப்பை நீங்கள் போட்டதும் அதன் நீளமே சைக்கிள் ஆகிறது. இரண்டாவது லூப்பை 'முதல் லூப்போடு சேர்ந்து ஓடு' என்று சொல்லிவிட்டால், நீங்கள் பதிவுப் பொத்தானை எப்போது அழுத்தினாலும் அது பொறுமையாகக் காத்திருந்து, அடுத்த சமம் வந்ததும்தான் பதிவைத் தொடங்கும், நிறுத்தும்போதும் அப்படியே. கால் பெடலை அவசரத்தில் கொஞ்சம் முந்தி மிதித்தாலும் லூப் குறைப்பிரசவம் ஆகாது! ஆவர்த்தனத்தை எத்தனை பங்காகப் பிரிப்பது என்பதையும் நாமே எண்ணாகக் கொடுக்கலாம். ஐந்து என்று கொடுத்தால் ஐந்து, ஏழு என்றால் ஏழு. மிடிக் கடிகாரம் தராத சுதந்திரம் இங்கே கிடைக்கிறது. யாரைப் பின்பற்றுவது என்பதும் நம் விருப்பம்தான்: வெளியிலிருந்து வரும் மிடி, தனக்குள்ளே வைத்திருக்கும் வேகம், வேறொரு லூப், அல்லது 'ஜாக்' என்ற மென்பொருள்.

ஜாக் என்றதும் பால் டேவிஸை நினைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் பல இசை மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒன்றின் ஒலியை இன்னொன்றுக்குள் பாய்ச்ச வழி செய்தவர். ஜாக் எல்லா மென்பொருள்களையும் ஒரே சுற்றில், ஒரே சாம்பிள் எண்ணைக் கையில் கொடுத்து எழுப்புகிறது. லூப்பருக்கும் டிரம்முக்கும் இடையே ஒரு சாம்பிள்கூட விலகல் வராது. ஒரு சாம்பிள் என்பது ஒரு விநாடியில் 48,000-இல் ஒரு பங்கு! கம்பிக்குள் துடிப்பு அனுப்பி ஊகித்த காலம் போய், ஒரே கடிகாரத்தைப் பார்த்து எல்லோரும் வாசிக்கும் நிலை வந்தது இப்படித்தான்.

ஆனால் ஒரு கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கிறது. லூப் ஒலி ஸ்பீக்கருக்கு வந்து சேரவே சில மில்லிவிநாடி ஆகிறது. அதைக் கேட்டு நீங்கள் வாசிக்கிறீர்கள். அது மைக் வழியாக உள்ளே போக இன்னும் சில மில்லிவிநாடி. போய்வர 10 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அடுக்கு 10 பின்தங்கும். ஒவ்வொரு முறையும் கடைசி அடுக்கைக் கேட்டே அடுத்ததை வாசித்தால் ஐந்தாவது அடுக்கு 40 பின்தங்கிவிடும். கலைஞர் தவறே செய்யவில்லை, ஆனாலும் பாட்டு குழைந்துவிட்டது! நல்ல லூப்பர் இந்தப் போய்வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, பதிவானதை அந்த அளவுக்கு முன்னதாக நகர்த்தி வைத்துவிடுகிறது. நீங்கள் வாசித்த கணத்திலேயே அது வாசிக்கப்பட்டதாகக் காலத்தைத் திருத்திவிடுகிறது. ஒரு மென்பொருளிடம் இதைவிட என்ன மரியாதையை ஒரு கலைஞர் எதிர்பார்க்க முடியும்?

இதுவரை பார்த்ததெல்லாம் ஏதோ ஒரு கடிகாரத்தைப் பின்பற்றுவதுதான். தலைமையே இல்லாமலும் சேர்ந்து ஓட முடியுமா? 1665-இல் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள், எப்படி ஓடவிட்டாலும் சற்று நேரத்தில் ஒன்றுக்கொன்று இசைந்து ஆடத் தொடங்கின. ஒன்று முதலாளி, மற்றது வேலையாள் என்று அங்கே யாரும் இல்லை. சட்டத்தின் நுண்ணிய அதிர்வு வழியாக இரண்டும் தாங்களே சமாதானத்துக்கு வந்தன. முதலாளியே இல்லாத இந்த ஒத்திசைவைக் கணினி மேடையில் நடத்திக் காட்டியது எது தெரியுமா? 2016-இல் பெர்லினைச் சேர்ந்த ஏபிள்டன் நிறுவனம் வெளியிட்ட 'லிங்க்'!

லிங்கில் தலைமைக் கடிகாரமே கிடையாது. ஒரே வைஃபையில் இருக்கும் கணினிகளும் ஐபேடுகளும் கைபேசிகளும் ஒன்றையொன்று தாமாகவே கண்டுகொள்கின்றன. 'பிங்' என்று ஒன்று அனுப்ப, 'பாங்' என்று மற்றது பதில் தர, போய்வந்த நேரத்தை அளந்து இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. வேகத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். யாராவது நடுவில் எழுந்து போனாலும் கச்சேரி நிற்காது! புதிதாக ஒருவர் நுழைந்தால் அவருடைய கருவி அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்துக்குக் காத்திருந்து சேர்ந்துகொள்ளும். 'எல்லோரும் ஒன்றாகத் தொடங்கு, ஒன்றாக நிறுத்து' என்ற வசதி மட்டும் பிறகு 2018-இல் வந்து சேர்ந்தது.

லிங்க் கருவிகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் பிணைய முகவரியைப் பாருங்கள்: 224.76.78.75. கணினியின் எழுத்து அட்டவணையில் 76, 78, 75 ஆகியவை முறையே எல், என், கே என்ற ஆங்கில எழுத்துகள்! முகவரிக்குள்ளேயே பெயரை ஒளித்துவைத்திருக்கிறார்கள். வாசல் எண் 20808. கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்ததும் 1980-இல் வந்த ரோலண்டின் புகழ்பெற்ற 808 டிரம் மெஷின் நினைவுக்கு வராத இசைக்காரர் இருப்பாரா?

கச்சேரி நடுவில் வேகத்தைக் கூட்டினால் பதிவான குரல் லூப் என்ன ஆகும்? டேப் காலத்தில் குரல் கீச்சென்று உயர்ந்துவிடும். இன்று சுருதி மாறாமல் நீளம் மட்டும் சுருங்குகிறது. இதற்கு உதவும் 'ஃபேஸ் வோகோடர்' என்ற கணிதம் 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளானகன், கோல்டன் இருவரும் மனிதப் பேச்சைக் கையாள்வதற்காக உருவாக்கியது.

எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிப்போட்ட யோசனை 2005-இல் வந்தது. வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருள் தெரியும்தானே? அதை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல், இணையம் வழியாகத் தொலைவில் இருப்பவர்கள் சேர்ந்து வாசிக்க ஒரு மென்பொருள் செய்தார். லண்டனுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சுமார் 8,600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நேர்கோட்டில் ஓடினாலும் ஒரு வழிக்கு 43 மில்லிவிநாடி. இயற்கையே போட்ட தடை, எந்தப் பொறியாளராலும் தாண்ட முடியாது. எல்லோரும் தாமதத்தைக் குறைக்கப் போராடிக்கொண்டிருந்தபோது ஃபிராங்கலும் கூட்டாளிகளும் அதை வேண்டுமென்றே கூட்டினார்கள்! 'நிஞ்ஜாம்' என்ற அந்த மென்பொருளில் தாமதம் ஒரு முழுச் சுற்றளவு. இந்தச் சுற்றில் நீங்கள் வாசிப்பது மற்றவர்களுக்கு அடுத்த சுற்றில் கேட்கும். அவர்கள் போன சுற்றில் வாசித்தது உங்களுக்கு இப்போது கேட்கும். எல்லாமே சுற்றின் தொடக்கத்தில் சரியாக வந்து விழுவதால் தாளம் ஒருபோதும் குலைவதில்லை. ஒவ்வொருவரும் கேட்கும் கச்சேரி மட்டும் வேறு வேறு! தாமதத்தைத் தாளத்துக்குள்ளேயே மடித்துப்போட்ட இந்தத் துணிச்சலுக்கு ஈடாக இசைத் தொழில்நுட்பத்தில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் பெரும்பாலானவை இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. சூப்பர்லூப்பரின் மூலநிரலும் நிஞ்ஜாமின் மூலநிரலும் திறந்தே கிடக்கின்றன. லிங்கின் மூலநிரலையும் 2016-லேயே திறந்துவிட்டார்கள். எனவே உங்களிடம் ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு மைக்கும் இருந்தால் இன்றைக்கே இறங்கிப் பாருங்கள். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே சவுண்ட் கார்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு படிகங்களின் சண்டை அப்போதே தீர்ந்துவிடும். மிடியில் கோர்த்தால் வேகத்தை அனுப்பும் பொறுப்பை ஒரே ஒரு மென்பொருளிடம் மட்டும் கொடுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் பெரும்பாலும் நூறு மில்லிவிநாடியைத் தாண்டிவிடும். வயர் உள்ளதை மாட்டிக்கொண்டு, கண்ட சாபுவில் ஒரு லூப் போட்டு, அதன்மேல் இரண்டாவதைச் சேர்த்துப் பாருங்கள்.